வடசென்னைத் தொகுதி: எல்லைகளின் வரலாறு

திருவொற்றியூர் என்னும் ஊர்ப்பெயரைப் புலவர்கள் எளிதில் விட்டுவிடவில்லை. 'ஒற்றி' என்னும் சொல்லுக்கு அடைமானம் என்றொரு பொருள் உண்டு. சொந்த ஊரை ஒற்றி வைத்துவிட்டு நிற்கும் இறைவன் என்று இராமலிங்க அடிகள் அப்பெயரைக் கொண்டு நயம்பட விளையாடியிருப்பதைத் திருவருட்பா கற்றோர் அறிவர். பக்தி நயமாகச் சொல்லப்பட்ட அப்பொருள் ஆட்சி வரலாற்றில் அவ்வூருக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்திவிட்டது. சோழர் கல்வெட்டுகளில் அது செயங்கொண்ட சோழமண்டலத்துப் புழற்கோட்டத்தைச் சேர்ந்த ஊர். பின்பு கும்பினியாரின் கிராமமாகவும், செங்கற்பட்டு மாவட்டத்து ஊராகவும், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்து நகராட்சியாகவும், 2011 முதல் சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலமாகவும் அது கைமாறி வந்துள்ளது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, கோடுதான் நகர்ந்துகொண்டிருந்தது.

இன்று வடசென்னை மக்களவைத் தொகுதி என வழங்குவது ஆறு சட்டமன்றத் தொகுதிகளின் கூட்டு. திருவொற்றியூர், டாக்டர் இராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், இராயபுரம் ஆகியன அவை. 2008ஆம் ஆண்டின் மறுவரையறையால் அமைந்த இவ்வடிவத்திற்கு முன்னர் இத்தொகுதி வேறு உருவங்களையும் கொண்டிருந்தது. தேர்தல் வெற்றி தோல்விகளின் பட்டியலாக மட்டும் ஒரு தொகுதியின் வரலாற்றை எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. யாரை யாரோடு சேர்த்து எண்ணினார்கள், யாரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள் என்று கேட்கும்போதுதான் அவ்வரலாறு மக்கள் வரலாறாகத் தெரியத் தொடங்குகிறது.

கிராமங்கள் சேர்ந்த கதை

கோட்டையைச் சுற்றி நகரம் வளர்ந்தபோது கும்பினியார் அண்டை ஊர்களை ஒவ்வொன்றாகப் பெற்றனர். கி.பி. 1693இல் தண்டையார்பேட்டை, புரசைவாக்கம், எழும்பூர் ஆகிய மூன்றும் அவர்கள் வசமாயின. 1708இல் நவாப் தாவூத்கான் ஐந்து ஊர்களை அளித்தான். திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என்பன அவை. 1742இல் பெரம்பூர், வேப்பேரி, புதுப்பாக்கம், எர்ணாவூர், சடையன்குப்பம் ஆகியனவும் சேர்ந்தன. இப்பட்டியல்களைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். இன்றைய வடசென்னைத் தொகுதியின் பெரும்பகுதி அவற்றிலேயே அடங்கிக் கிடக்கிறது. எண்ணூர்ப் பக்கத்துக் கத்திவாக்கமும் எர்ணாவூரும், நுங்கம்பாக்கமும் வேப்பேரியும் நகரோடு சேர்ந்த அதே காலத்தில் சேர்ந்தவை.

ஆயினும் பின்னர் நகர எல்லை வரையப்பட்டபோது இரு சாராரும் ஒன்றாக நடத்தப்படவில்லை. நுங்கம்பாக்கமும் வேப்பேரியும் நகரத்தின் நடுப்பகுதிகளாயின. வடக்கே எல்லை தண்டையார்பேட்டையோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் எர்ணாவூரும் சடையன்குப்பமும் செங்கற்பட்டு மாவட்டத்துக்கு உரியனவாயின. பட்டினத்தார் அடங்கிய கடற்கரையைத் தேடிச் சென்னையிலிருந்து செல்வோர் மாவட்டம் கடந்து செல்ல வேண்டியிருந்தது.

நகருக்கு வெளியே நின்ற இப்பகுதிதான் நகருக்கு வேண்டிய ஆலைகளைத் தாங்கியது. தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் பெயர் விம்கோ நகர் என ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்து, பின்னர் அசோக் லேலண்டு ஆயிற்று. 1955இல் என்பீல்டு நிறுவனம் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் உற்பத்தியைத் தொடங்கியது. 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், அடுத்த ஆண்டு எண்ணூரில் அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. நகரின் விளக்குகள் இங்கிருந்து எரிந்தன. நகராட்சி வரைபடத்தில் மட்டும் இவ்விடம் நகரமாக இல்லை.

கடல் வரைந்த எல்லை

தொகுதியின் கிழக்கெல்லை வங்கக் கடல் என்று எழுதிவிடுவது அலுவலர்க்கு எளிது. எந்த ஆணையமும் கைவைக்காத அவ்வெல்லைதான் இங்கே மிகுதியாக நகர்ந்தது என்பது வியப்புக்குரியது.

இராயபுரம் பழைய துறைமுக வாழ்வின் ஊர். புனித பேதுருவுக்குத் தமிழ்க் கிறித்தவர் வழங்கிய இராயப்பர் என்னும் பெயரால், படகோட்டிகள் எழுப்பிய கோயிலைச் சுற்றி அவ்வூர்ப்பெயர் அமைந்தது. 1856 சூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாசா சாலைக்குப் புறப்பட்டது. இருபதாண்டுகள் கழித்துச் செயற்கைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது இயற்கை. சுவர் குறுக்கே நின்றதும் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராததால் இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது.

நகரம் மாலையில் காற்று வாங்கும் மணற்பரப்பு, வடக்கே குப்பங்கள் இழந்த நிலத்தின் மறுபக்கம். மீனவர் தெருக்கள் பல இன்று கடலுக்குள். கருங்கற்களைக் கொட்டி எழுப்பிய சுவரே இப்பகுதியின் கரையாக நிற்கிறது. வாக்காளர் பட்டியலில் வீட்டு எண் இருந்து, வீடு நின்ற இடத்தில் அலை இருக்குமானால் அவ்வாக்காளர் எத்தெருவினர்? தொகுதி வரையறை பற்றிய சட்டங்களில் இதற்கு விடையில்லை.

தொழில் கொண்டு பிரித்த காலம்

வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்பது குடியரசு தந்த கொடை. அதற்கு முன் சொத்தும் வரியும் கல்வியும் இருந்தோர்க்கே வாக்கு. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டப்பேரவையில் 215 இடங்கள் இருந்தன. அவற்றுள் ஆறு தொழிலாளர்க்கென ஒதுக்கப்பட்டன. ஊரைக் கொண்டு பிரிக்காமல் உழைப்பைக் கொண்டு பிரித்த தொகுதிகள் அவை. ஒருவர் எத்தெருவில் வாழ்கிறார் என்பதை விட்டு என்ன தொழில் செய்கிறார் என்பதே அங்கு எல்லை. மாகாணத்து உழைப்பாளர் அனைவர்க்கும் ஆறு இடம் என்பது மிகக் குறைவுதான். எனினும் தொழிலாளர் என்றோர் இனம் அரசியல் கணக்கில் ஏறியதற்கு அது சான்று.

அவ்வாறு ஏறியதற்குப் பின்னணி வடசென்னையில்தான் இருந்தது. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் பெரம்பூர்ப் பின்னி ஆலைத் தொழிலாளர்க்கெனச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியாவுடன் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் அதில் உழைத்தனர். தேசபக்தனிலும் நவசக்தியிலும் திரு.வி.க. வளர்த்த உரைநடைக்கும் ஆலை வாயிலில் அவர் நிகழ்த்திய பேச்சுக்கும் உள்ள உறவு தனியே ஆராயத்தக்கது. பொதுமக்களுக்குப் புரியும் தமிழில் பொருளாதாரம் பேச வேண்டிய தேவை அவருக்குப் பெரம்பூரில் நேர்ந்தது என்று கருத இடமுண்டு.

1952இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் சென்னை ஒரே மக்களவைத் தொகுதியாக நின்றது, டி.டி. கிருஷ்ணமாச்சாரி வென்றார். அதே தேர்தலில் சட்டமன்றத்துக்கு வண்ணாரப்பேட்டையிலிருந்து ப. ஜீவானந்தம் தேர்ந்தெடுக்கப்பட்டார். பாரதியைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றவரும் பின்னர்த் தாமரை இதழைத் தோற்றுவித்தவருமான ஜீவாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இன்று பெயரளவிலும் இல்லை. வண்ணாரப்பேட்டை என்னும் தொகுதிப் பெயர் மறுவரையறையில் மறைந்தது. பேசின் பிரிட்ஜ் என்னும் தொகுதிக்கும் அதே கதி நேர்ந்தது. தொகுதி மறையும்போது அதனோடு சேர்ந்த நினைவும் மெல்ல மறைகிறது. ஜீவா எத்தொகுதியின் உறுப்பினர் என்று கேட்டால் விடை சொல்ல முடியாதவர் இலக்கிய வட்டங்களிலும் உண்டு.

வடக்கும் தெற்கும் நடுவும்

1957இல் சென்னை நகரம் வடக்கு, தெற்கு என இரு மக்களவைத் தொகுதிகளாயிற்று. ஆங்கில ஆவணங்கள் 'மெட்ராஸ் நார்த்' என்று எழுதியபோதும் தமிழர் வாயில் அது தொடக்கம் முதலே வடசென்னைதான். 1996இல் நகரின் பெயர் அதிகாரமுறையில் மாறியது. அதற்கு முன்பே மக்கள் வழக்கு மாற்றத்தை முடித்துவிட்டிருந்தது.

வடசென்னையின் முதல் உறுப்பினர் எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை. யாழ்ப்பாணத்தில் பிறந்து இலங்கை இடதுசாரி இயக்கத்தில் வளர்ந்து, சென்னைக்கு வந்து பின்னி ஆலைத் தொழிலாளர்க்கும் துறைமுகத் தொழிலாளர்க்கும் தலைமை தாங்கியவர். எந்தப் பெருங்கட்சியின் சின்னமும் இல்லாமல் சுயேச்சையாக நின்று வென்றார். ஈழத்துத் தமிழர் ஒருவரைச் சென்னைத் தொழிலாளர் தம் பேராளராக நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது இத்தொகுதி வரலாற்றின் பெருமைக்குரிய பக்கம். அது பெரிதும் பேசப்படாமற் போனது வருந்தத்தக்கது.

அத்தேர்தலில் பெரம்பூர் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. பொது உறுப்பினர் ஒருவரும் தாழ்த்தப்பட்டோரிலிருந்து ஒருவரும் ஒரே எல்லைக்குள் தேர்ந்தெடுக்கப்படுவது அம்முறை. அவ்வாறு வென்றவர் சத்தியவாணி முத்து. 1961ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டைத் தொகுதிகளை ஒழித்தது. பெரம்பூர் பின்னாளில் தனித்தொகுதியாயிற்று. 2008இல் அத்தகுதி அங்கிருந்து நீங்கி, புதிதாக அமைந்த திரு.வி.க. நகருக்குச் சென்றது.

1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டிய மறுவரையறையில் தமிழகத்தின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. 1967 தேர்தல் முதல் இதுவே நிலை. மக்கள்தொகை வளர்ச்சியைக் கட்டுப்படுத்திய மாநிலம் இடங்களை இழப்பது முறையா என்னும் வினாவை 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வும் எழுப்பியது.

1977இல் மத்திய சென்னை என்னும் மூன்றாம் தொகுதி உருவாயிற்று. வடசென்னையில் இராயபுரம், துறைமுகம், இராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர் ஆகிய நகரப் பகுதிகளோடு திருவொற்றியூரும் வில்லிவாக்கமும் அடங்கின. மாநகராட்சியால் சேர்க்கப்படாத திருவொற்றியூர், நாடாளுமன்றக் கணக்கில் முப்பதாண்டுகளுக்கு மேல் சென்னையாகவே இருந்தது. குடிநீருக்கும் சாக்கடைக்கும் ஓர் அலுவலகம், நிலப்பட்டாவுக்கு வேறு மாவட்டம், நாடாளுமன்றத்துக்கு மட்டும் வடசென்னை என்பது அவ்வூரார் நிலை. அவ்வாண்டு வென்றவர் எழுத்தாளரும் திராவிட இயக்க இதழாளருமான ஏ.வி.பி. ஆசைத்தம்பி.

உறைந்த கணக்கு

நெருக்கடிநிலைக் காலத்தில் 1976இல் நிறைவேறிய 42ஆம் அரசமைப்புத் திருத்தம் 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் எண்களை அப்படியே உறையவைத்தது. 2001 வரை தொகுதிகளைத் தொடுவதில்லை என்பது ஏற்பாடு. மாநிலங்களுக்கிடையே நீதி காக்க வந்த அத்திருத்தம் ஒரே நகருக்குள் அநீதி விளைத்ததை வடசென்னையில் தெளிவாகக் காணலாம். கொளத்தூரும் கொடுங்கையூரும் 1978இல் மாநகராட்சியில் சேர்ந்தன. ஏரிகளும் வயல்களும் மனைகளாயின. வில்லிவாக்கம் தொகுதி தமிழகத்திலேயே மிகப் பெரிய சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்றாகப் பருத்தது. அதே மக்களவைத் தொகுதிக்குள் இருந்த துறைமுகம், குடியிருப்புகள் குறைந்து கிடங்குகளும் கடைகளும் பெருகி, மிகச் சிறியவற்றுள் ஒன்றாக மெலிந்தது. இரண்டுக்கும் ஒவ்வோர் உறுப்பினர். துறைமுகத்துச் சௌகார்பேட்டை வணிகரின் வாக்குக்கு இருந்த எடை கொளத்தூரில் புதிதாகக் குடியேறிய எழுத்தருக்கு இல்லை.

அமெரிக்காவில் பேரவைத் தொகுதிகள் பத்தாண்டுக்கு ஒருமுறை பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றங்களாலேயே திருத்தப்படுகின்றன. 1812இல் மாசச்சூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்பமிட்ட ஒரு தொகுதியின் வடிவம் பல்லி போன்ற சாலமாண்டரை ஒத்திருந்ததாக இதழ்கள் கேலி செய்ய, அவர் பெயரும் அவ்வுயிரின் பெயரும் கலந்து 'ஜெர்ரிமாண்டர்' என்றொரு சொல்லே ஆங்கிலத்தில் பிறந்தது. நம் நாட்டில் நீதிபதி தலைமையிலான ஆணையம் அப்பணியைச் செய்கிறது. அதன் ஆணையை நீதிமன்றத்தில் எதிர்க்கவும் இயலாது. அங்கே ஆட்சியாளர் கோட்டை இழுத்து வளைத்தனர் என்றால் இங்கே கோட்டைத் தொடாமலே முப்பதாண்டு விட்டுவைத்தனர். தொடாமல் விடுவதும் ஒருவகை வளைப்புத்தான்.

எல்லை எவ்வாறிருப்பினும் தொழிலாளர் தலைவர்களை இத்தொகுதி கைவிடவில்லை. 1989இலும் 1991இலும் பொதுவுடைமையாளரும் தொழிற்சங்கத் தலைவருமான தா. பாண்டியன் காங்கிரஸ் கூட்டணியில் வென்றார். 1996இல் வென்று பாதுகாப்புத் துறை இணையமைச்சரான என்.வி.என். சோமு மறு ஆண்டு அருணாசலப் பிரதேசத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் மறைந்தார். 1998, 1999, 2004 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தொழிற்சங்கவாதி செ. குப்புசாமி வென்றார். பின்னி ஆலை 1996இல் மூடப்பட்ட பின்னும் ஆலைவாயில் அரசியல் எஞ்சியிருந்தது.

மறுவரையறைக்குப் பின்

2001இன் 84ஆம் திருத்தம் மாநிலங்களின் இட எண்ணிக்கையை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை உறையவைத்தது. 2003இன் 87ஆம் திருத்தம், 2001 கணக்கின்படி உள் எல்லைகளைத் திருத்த இடந்தந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையத்தின் வரையறை 2008இல் நடைமுறைக்கு வந்தது. துறைமுகமும் வில்லிவாக்கமும் மத்திய சென்னைக்குச் சென்றன. கொளத்தூரும் திரு.வி.க. நகரும் புதிதாகத் தோன்றி வடசென்னைக்கு வந்தன. மக்கள்தொகைக் கணக்கில் இது நேரிய செயலே. ஆயினும் துறைமுகம் என்னும் பெயர் தாங்கிய தொகுதி வடசென்னையில் இல்லை. துறைமுகத்துக்குச் செல்லும் சரக்குப் பெட்டக லாரிகளோ எண்ணூர் விரைவுச் சாலையிலும் காசிமேட்டிலும்தான் வரிசை கட்டி நிற்கின்றன. பெயர் தெற்கே போயிற்று. புகை வடக்கே தங்கிற்று. திரு.வி.க.வின் பெயர் ஒரு தொகுதிக்கு அமைந்தது தமிழன்பர்க்கு மகிழ்ச்சி தருவது. எழுத்தாளரும் தொழிற்சங்க முன்னோடியுமாகிய ஒருவர் பெயரை ஒவ்வொரு தேர்தலிலும் வாக்காளர் உச்சரிக்க நேர்கிறது.

ஆணையத்தின் வரையறையில் நகரத் தொகுதிகள் மாநகராட்சி வார்டு எண்களால் விளக்கப்பட்டன. திருவொற்றியூர்த் தொகுதி நகராட்சிகளின் பெயரால் விளக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் அவ்விளக்கம் பழையதாயிற்று. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் ஒழிந்து மாநகராட்சியில் கலந்தன. 155 வார்டுகள் 200 ஆயின. புதிய வரிசையில் முதல் மண்டலம் திருவொற்றியூர். வார்டு எண்கள் எண்ணூர்ப் பக்கத்திலிருந்தே தொடங்குகின்றன. 2018இல் சென்னை மாவட்ட எல்லையும் அதற்கேற்ப விரிந்தது. 1708இல் நுங்கம்பாக்கத்தோடு ஒரே பட்டியலில் இருந்த கத்திவாக்கம், முந்நூறு ஆண்டு கழித்து மீண்டும் நுங்கம்பாக்கத்தோடு சேர்ந்தது. ஒற்றி மீட்கப்பட்டது என்று கவிஞர் யாரேனும் பாடக்கூடும். ஆனால் மீட்சி முழுமையானதன்று.

தொகுதியின் வடக்கெல்லையில் கொசத்தலை ஆறு கடலோடு கலக்கிறது. ஆற்றின் தென்கரையில் எண்ணூர்க் குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள். அவர்கள் திருவொற்றியூர்ச் சட்டமன்றத் தொகுதிக்கும் வடசென்னை மக்களவைத் தொகுதிக்கும் வாக்களிக்கின்றனர். ஆற்றைக் கடந்தால் பொன்னேரிச் சட்டமன்றத் தொகுதி, திருவள்ளூர் மக்களவைத் தொகுதி. 1994 முதல் இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையம், பெயரில் வடசென்னையைத் தாங்கியிருந்தும், அக்கரையில் உள்ளது. செப்பாக்கத்துச் சாம்பற் குளமும், 2001இல் திறக்கப்பட்டுப் பின்னர்க் காமராசர் பெயர் பெற்ற எண்ணூர்த் துறைமுகமும் அக்கரையிலேயே உள்ளன.

மீனவர்க்கு ஆறு ஒன்றே. இறாலும் நண்டும் பிடிபடும் சேறு இருகரையிலும் கிடக்கிறது. சாம்பல் படிந்து ஆறு தூர்ந்தால் வலை இழப்பவர் வடசென்னை வாக்காளர். சாம்பல் வரும் இடமோ திருவள்ளூர்த் தொகுதி. 2017 சனவரி 28ஆம் நாள் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிற்று. விபத்து நேர்ந்த துறைமுகம் ஒரு தொகுதியில், வாளியால் எண்ணெயை அள்ளிய கரை மற்றொரு தொகுதியில். 2023 திசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே முகத்துவாரத்தை அடைந்து இருகரையிலும் படிந்தது.

2024 ஏப்ரல் 19ஆம் நாள் தமிழகம் முழுவதும் மக்களவைத் தேர்தல் நடந்தபோது, முகத்துவாரத்தின் தென்கரைக் குப்பத்தார் வடசென்னை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வாக்களித்தனர். அவர்தம் வலைகள் விழும் நீரின் மறுகரையில் உள்ளோர் அதே நாளில் திருவள்ளூர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர்.